அம்மா அறிவித்த மௌன விரதம்

நான் வாயைத் திறக்காமல் இருந்த அந்த ஒரு கிழமைக்குள் எனக்கு மூன்று சம்பந்தம் வந்தது. வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு திரிந்த இத்தனை வருடத்தில் ஒன்றுகூட உருப்படியாக வந்ததில்லை. இதிலிருந்து இந்த ஊர் பெண்பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள்.

மழை வரும்போல மூடிக்கொண்டிருந்த ஒரு காலைநேரம். லிங்கநகரில் எங்கள் வீட்டு முன் அறையில், பக்கத்து வீட்டு ராசம்மா அன்ரி வந்து கதிரையில் இருந்தார். மடியில் ஒரு தட்டம். தட்டத்தில் கதலிப்பழம், ஒரு செம்பு பால், கொஞ்சம் மல்லிகைப்பூ. நான் எதிரே இருந்தேன். கழுத்தைச் சுற்றி அம்மாவின் பழைய கம்பளிச் சால்வை. வாய்க்குப் பூட்டு.

அன்ரி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். என்னைப் பார்த்து. ஒழுங்கையில் நான் சிரித்தால் "பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன உந்தச் சிரிப்பு" என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அதே அன்ரி.

"இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குள்ள இப்பிடி ஒரு வைராக்கியம் ஆருக்கு வரும்?" என்று அம்மாவிடம் சொன்னார். "ஒரு கிழமை, ஒரு சொல்லும் இல்லாமல். நான் எண்டால் அரை நாள் தாங்கமாட்டன்."

அரை நாள் என்ன, அரை மணித்தியாலம் தாங்கமாட்டார். அதை அந்த இடத்திலேயே சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. சொல்ல ஏலாது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா குசினி வாசலில் நின்று, ஏற்கனவே காய்ந்திருந்த கையைத் துவாயால் துடைத்துக்கொண்டே இருந்தார். என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

தொண்டைக்குள் கமரா

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். என் பெயர் தர்ஷினி. திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் உதிரிப்பாகங்கள் விற்கிற கடையில் பகலில் பில் போடுகிறேன். மிச்ச நேரத்தில் 'துரு' என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பாடகி.

எங்கள் பாட்டைக் கேட்காதவர்களுக்கு எப்படி விளக்குவது? வயிற்றுக்கு அடியிலிருந்து காற்றை மேலே தள்ளி, தொண்டையின் மேல்பக்கத்தை அதிரவைத்து எடுக்கிற குரல் அது. பாரம் ஏற்றிய லொறி மேடு ஏறுகிறமாதிரி இருக்கும். முறையாகச் செய்தால் நோகாது. என்னோடு சண்டை பிடிக்கிறவர்களுக்குத்தான் நோகும்.

அந்த முறை நான் முறையாகச் செய்யவில்லை. கொழும்பில் ஒரு மேடை. என் குரலை எனக்கே கேட்கச் செய்கிற ஸ்பீக்கர் பெட்டி இரண்டாவது பாட்டோடு செத்துப்போனது. எனக்கு நான் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன செய்வோம்? இன்னும் கத்துவோம். அன்று நான் பாடவில்லை, கத்தினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்டக்டரிடம் "இறக்கம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் தொண்டை டொக்டர் ஒரு மெல்லிய வயரை மூக்குக்குள்ளால் விட்டு, திரையில் என் குரல்நாணைக் காட்டினார். அவர் கண்டிப் பக்கத்து ஆள், தமிழ் அளந்துதான் பேசுவார். "நீங்க என்ன வேல செய்றீங்க? டீச்சரா?" என்று கேட்டார். நான் போனில் எங்கள் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். வெளியே நின்ற தாதி நோயாளிக்கு ஏதோ நடந்துவிட்டது என்று கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நல்லா வீங்கி இருக்கு. ஒரு இடத்தில ரத்தமும் கட்டி இருக்கு. ஒரு கிழம ஒரு சத்தமும் வேணாம். ரகசியம் பேசறதும் வேணாம். பேசினா, பாட்ட மறந்துடலாம்."

நான் போனில் தட்டிக் காட்டினேன்: 'சனிக்கிழமை எங்கள் ஊரில் பாடவேண்டும்.'

"சனிக்கிழம காலைல வாங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தச் சனிக்கிழமைதான் என் உயிர். கொழும்பில் பாடியிருக்கிறோம், கண்டியில் பாடியிருக்கிறோம். சொந்த ஊரில் ஒருநாளும் இல்லை. மண்டபம் கேட்டால் "பிள்ளையள், இது கலியாண மண்டபம்" என்பார்கள். கடைசியில் எங்கள் ட்ரம்ஸ்காரன் ரிஸ்வானின் மாமாதான் தன் படகு யார்டைத் தந்தார். உள்துறைமுகக் கரையில், ஃபைபர் படகுகள் திருத்துகிற திறந்த முற்றம். அம்மா அங்கே வருவதாகச் சொல்லியிருந்தார்.

அம்மா அதற்கு முன் நான் பாடி ஒருமுறையும் கேட்டதில்லை. நான் கொழும்புக்குப் பாடப் போகும்போதெல்லாம் ஒழுங்கையில் "மகள் கோர்ஸுக்குப் போயிருக்கிறாள்" என்றுதான் சொல்வார். எத்தனை வருடம் ஒருத்தி ஒரே கோர்ஸுக்குப் போவாள் என்று யாரும் கேட்டதுமில்லை. எனக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. திருடப் போகிறவளையா மறைக்கிறார்? ஒருக்கால் கேட்டால் போதும், பிறகு மறைக்கமாட்டார் என்று நினைத்திருந்தேன். இப்போது அதற்குக் குரலே இல்லை.

அசுரனும் ட்ரம்ஸ்காரனும்

இந்தக் குரல் எனக்கு எப்படி வந்தது என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். பாடசாலை வாணி விழாவில் வந்தது. எங்களுடையது பெண்கள் பாடசாலை. தேவி அசுரனை வதைக்கிற நாடகம். தேவியாக நடிக்க வகுப்பே வரிசையில் நின்றது, அசுரனாக ஒருத்தியும் வரவில்லை. ரீச்சர் என்னைப் பார்த்தார். "நீதான் எப்பவும் சத்தம் போடுறனி, வா" என்றார்.

வெட்டுப்பட்டு விழும்போது ஒரு உறுமல் உறுமவேண்டும். ஒத்திகையில் சும்மா "ஆ" என்று விழுந்துகொண்டிருந்தேன். விழா அன்று, கன்னத்தில் கரி பூசி, தலையில் அட்டைக் கொம்பு கட்டி மேடையில் நின்றபோது என்ன வந்ததோ தெரியாது, அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. முன் வரிசையில் இருந்த முதலாம் வகுப்புப் பிள்ளைகள் முழுப்பேரும் அழுதார்கள். தேவியாக நின்றவள் சூலத்தைப் போட்டுவிட்டாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. தோற்றுப்போகிற அசுரனுக்குத்தான் அன்றைக்குக் கைதட்டு.

அம்மா அந்த விழாவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பாவோடு நின்றார். அது வேறு கதை, அதை முன்பே எழுதிவிட்டேன்.

ரிஸ்வானைச் சந்தித்தது கடையில். கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வந்து, மாமாவின் யார்டில் எஞ்சின் திருத்துகிறவன். எஞ்சினுக்கு ஏதோ உதிரிப்பாகம் வாங்க வந்தவன் என் மேசையில் இரண்டு கையாலும் தாளம் போட்டுக்கொண்டு நின்றான். பில் போடுகிற நேரத்தில் மேசையை ஆட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? "உங்கட இடது கை பிந்துது" என்றேன். அவன் கோபப்படவில்லை. அடுத்த நாள் வேலையே இல்லாமல் வந்து, "இப்ப பாருங்க புள்ள, சரியா இரிக்கா?" என்று அடித்துக் காட்டினான். கிட்டாருக்கு ஓர்ஸ் ஹில் பக்கத்துச் சுரேன் வந்து சேர்ந்தான். மூன்று பேரும் துருப்பிடித்த எஞ்சின்களுக்கு நடுவில் பழகியதால் குழுவின் பெயரும் 'துரு' ஆனது.

போன கிழமை இதைக் கொஞ்சம் தொட்டு எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு ரிஸ்வான் சண்டைக்கு வந்துவிட்டான். இடது கை ஒருநாளும் பிந்தியதில்லையாம். பிந்தியது. மேசைக்குச் சாட்சி சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எந்த மேடையானாலும் மாலை மஃரிப் பாங்குக்கு முன் முடிக்கவேண்டும், அல்லது பாங்கு முடிந்து தொழுகையும் முடிந்தபிறகு தொடங்கவேண்டும். கொழும்பில் ஒருவன் "மெட்டல் பாடுகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்று கேட்டான். ட்ரம்ஸ் அடிக்கிறவன் தொழப் போனால் யார் அடிப்பது, நீயா என்று கேட்டேன். 

மதிலுக்கு மேலால் ஒரு கேள்வி

ஆஸ்பத்திரியால் வந்த அடுத்த நாள் நான் முன் அறையில் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். அம்மா வெளியே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மதிலுக்கு மேலால் ராசம்மா அன்ரியின் குரல்.

"என்ன தங்கச்சி, பிள்ளையின்ர சத்தத்தையே காணேல்லை? காலமை கடைப்பக்கம் கண்டு கதை குடுத்தன், தலையை ஆட்டிப்போட்டுப் போறாள்."

 கொடியில் கவ்வி போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் காதைக் கூர்மையாக்கினேன். தொண்டை நோ என்று சொல்லுங்கள் அம்மா, அவ்வளவுதானே. பாடினாள், நொந்துபோனது. ஒரு வசனம்.

"அது... மௌன விரதம் அக்கா," என்றார் அம்மா.

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

"மௌன விரதமோ? என்னத்துக்கு?"

"உங்களுக்குத் தெரியாததே? வயசும் போகுது..."

அவ்வளவுதான். அம்மா மிச்சத்தைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. கலியாணம் கைகூட மகள் விரதம் பிடிக்கிறாள். பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது.

அம்மா உள்ளே வந்தவுடன் போனை எடுத்து, 'என்ன விசர்க் கதை இது?' என்று பெரிய எழுத்தில் தட்டி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"கண்ணாடி இல்லைப் பிள்ளை, வாசிக்கேலாது," என்றார். வேண்டாத செய்தி வரும்போது அம்மாவின் கண்ணாடி எப்போதும் காணாமல் போய்விடும். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து மூக்கில் வைத்துவிட்டேன்.

வாசித்தார். கட்டிலில் இருந்தார். "நான் என்ன செய்ய? தொண்டை நோ எண்டால் ஏன் நொந்தது எண்டு கேப்பினம். பாடினவள் எண்டால் எங்க, என்ன பாட்டு எண்டு கேப்பினம். நீ போனில போடுறதை நான் எப்பிடி அவைக்கு விளங்கப்படுத்த? எனக்கே விளங்கேல்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சுவரில் கையால் ஓங்கி அடித்தேன். கத்த முடியாதவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம். நாள்காட்டி விழுந்தது. அம்மா எடுத்து மாட்டிவிட்டு, என் தொண்டைக்கு வேது பிடிக்கத் தண்ணீர் கொதிக்கவைக்கப் போனார்.

மச்சம் இல்லாத கிழமை

ஒரு பொய் சொன்னால் அதற்கு எவ்வளவு மரக்கறி வெட்டவேண்டியிருக்கும் என்று அம்மா யோசித்திருக்கவில்லை.

விரதம் பிடிக்கிற வீட்டில் மச்சம் சமைக்க ஏலாது. அம்மாவோ மீன் இல்லாமல் ஒரு நேரமும் சோறு இறங்காத ஆள். பாரை மீனும் தேங்காய்ப்பால் சொதியும் என்றால் அவருக்கு வேறு உலகம் இல்லை. காலையில் மீன்கார நானா மோட்டர் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வருவார். எங்கள் கேற்றுக்குக் கிட்ட வந்ததும் ஹோர்னை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கடந்து போவார். மரியாதையாம். அவர் வேறு சமயம், ஆனாலும் விரத வீட்டின் அருமை அவருக்குத் தெரியும். அம்மா யன்னல் சீலையை விலக்கி அந்த மீன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நல்லாக வேணும் என்றும் இருந்தது. பூசணிக்காயை நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

சம்பந்தங்களும் வந்தன. ஒன்று கனடா. ஒன்று வங்கி. மூன்றாவது பெடியனின் தாய் வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்களுக்குச் சத்தமில்லாத பிள்ளைதான் வேணும்" என்றார். நான் எழும்பிக் குசினிக்குள் போய் முகத்தைத் துவாய்க்குள் புதைத்துச் சத்தமில்லாமல் சிரித்தேன். கண்ணீர் வரும்வரை சிரித்தேன். அம்மாவும் வந்து என்னைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தக் கிழமையில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை அன்ரி மறுபடியும் வந்தார். "எப்ப முடியுது விரதம்?"

"நாளைக்குப் பின்னேரம்," என்றார் அம்மா.

"எந்தக் கோயிலில முடிக்கிறியள்? நாங்களும் வாறம். பிள்ளை வாய் திறக்கேக்க பக்கத்தில நிக்கிறது புண்ணியம்."

அம்மா திணறினார். எந்தக் கோயிலைச் சொன்னாலும் இவர்கள் அங்கே வந்து நிற்பார்கள், நான் அங்கே இருக்கமாட்டேன். கடைசியில் யார்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் இருக்கிற சின்ன அம்மன் கோயில் அவருக்கு ஞாபகம் வந்தது. "உள்துறைமுகக் கரையில, வேம்படி அம்மன்" என்றார். நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். அன்ரி அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

முன் வரிசைக் கதிரைகள்

சனிக்கிழமை காலை டொக்டர் மறுபடியும் வயரை விட்டுப் பார்த்தார். "வீக்கம் போயிருக்கு. பாடலாம். ஆனா வருமா வராதான்னு நான் சொல்ல முடியாது," என்றார். மத்தியானம் யார்டின் பின்பக்கத்தில், கழற்றிப்போட்ட எஞ்சின்களுக்கு நடுவில் நின்று மெதுவாக ஒரு 'ம்' சொல்லிப் பார்த்தேன். கதவுக் கீல் கிரீச்சிடுகிறமாதிரி ஒன்று வந்து நின்றுபோனது. திரும்பவும் பார்க்கப் பயந்து விட்டுவிட்டேன்.

ரிஸ்வான் வந்து பக்கத்தில் நின்றான். "என்ன புள்ள, இரிக்கா குரல்?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"வராட்டி நாங்க மூணு பேரும் சும்மா நிண்டு சிரிப்பம்," என்றான். "வந்தவனுகள் பாவம். தோப்பூர்லேந்தும் பொடியனுகள் வந்திரிக்கானுகள்."

முற்றத்தில் ஃபைபர் பசை மணமும் கடல் மணமும் கலந்து வீசியது. கவிழ்த்துப்போட்ட படகுகளில் கறுப்பு ரீ சேர்ட் போட்ட பொடியன்கள் ஏறி இருந்தார்கள். அந்த நேரத்தில் கேற்றடியில் இரண்டு ஓட்டோ வந்து நின்றது. ராசம்மா அன்ரி இறங்கினார். பின்னால் எங்கள் ஒழுங்கைப் பெண்கள், எல்லோர் கையிலும் தட்டம், பூ, கற்பூரம். கடைசியாக அம்மா இறங்கினார், முகம் வெளிறிப்போய்.

அவர்கள் வேம்படி அம்மனுக்குத்தான் வந்தவர்கள். ஆனால் என்னை யார்டுக்குள் கண்டுவிட்டார்கள். ரிஸ்வானின் மாமாவுக்கு வந்தவர்களை வாசலில் நிற்கவைத்துப் பழக்கமில்லை. "வாங்க, வாங்க, உள்ளுக்கு வாங்க. டேய், தாய்மாருக்குக் கதிரை போடுங்கடா," என்று சத்தம் போட்டு, முன் வரிசையில் இருத்திவிட்டார். தேத்தண்ணியும் வந்தது. மேடையையும் பெட்டிகளையும் பார்த்து, கோயில்காரர் ஏதோ நிகழ்ச்சி வைத்திருக்கிறார்கள் என்று அன்ரி நினைத்திருக்கவேண்டும். தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்தியோடு இருந்தார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் மேடைக்கு ஏறினேன். கறுப்பு உடுப்பு, அவிழ்த்துவிட்ட தலைமுடி, அது எங்கள் வழக்கம். ரிஸ்வான் தொடங்கினான். எங்கள் முதல் பாட்டு ஒரு சொல்லும் இல்லாமல்தான் தொடங்கும். ட்ரம்ஸ் உருண்டு உருண்டு வந்து ஓர் இடத்தில் நிற்கும், அங்கே நான் வரவேண்டும். அந்த இடம் வந்துகொண்டிருந்தது.  அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டத்தில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரம்ஸ் நின்றது. வாயைத் திறந்தேன்.

வந்தது. அடிவயிற்றிலிருந்து, முழுசாக, ஒரு கிழமை அடைத்துவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. மேடைப் பலகை காலுக்குக் கீழே அதிர்ந்தது. பக்கத்துக் கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் தலையைச் சுழற்றினேன், முடி முகத்தில் அடித்தது, மூச்சு முடியும்வரை விடவில்லை.

முன் வரிசையில் ஒழுங்கைப் பெண்கள் முழுப்பேரும் எழும்பிவிட்டார்கள். எழும்பி, நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கிழமை பேசாமல் விரதம் இருந்த பெண். விரித்த தலைமுடி. உருண்டு வருகிற மேளம். பிறகு அந்த உறுமல். எங்கள் பக்கத்து அம்மன் கோயில் சடங்கில் சாமி இறங்கி உரு வந்து ஆடுகிறவர்களை இவர்கள் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். உரு வந்தால் குரவை போடவேண்டும், அது அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. படகுகளில் இருந்த பொடியன்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு கூட்டுக் குரலை எந்த மெட்டல் மேடையிலும் அவர்கள் கேட்டதில்லை. ஊளையிட்டுக் கொண்டாடினார்கள். ரிஸ்வான் விடுவானா? குரவைக்குச் சரியாகத் தாளத்தை இரட்டிப்பாக்கிவிட்டான்.

பாட்டு முடிய முன் ராசம்மா அன்ரி மேடையில் ஏறிவிட்டார். ஒரு கையில் வேப்பிலை, மறு கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. கண் கலங்கியிருந்தது. சுரேன் பயந்து கிட்டாரைத் தூக்கிப் பிடித்தான். "அன்ரி, தண்ணி வேண்டாம், கீழ கரண்ட் வயர்," என்றான். அன்ரி அவனைப் பார்க்கவே இல்லை. எல்லாம் நின்றுபோனது.

"தாயே," என்றார் என்னிடம். "வந்திருக்கிறாய். என்ன குறை எண்டு சொல்லு. என்ர பிள்ளைக்கும் ஒரு வாக்குச் சொல்லு."

 ஒரு கிழமை சண்டை பிடிக்கக் காத்திருந்தவளுக்கு, குரல் வந்த பிறகு ஒரு சொல் வரவில்லை. அந்த மனுசி உண்மையாகவே கும்பிட்டுக்கொண்டு நின்றார். இல்லை என்று எப்படிச் சொல்வது? ஓம் என்றும் சொல்ல ஏலாது. நான் அம்மாவைத் தேடினேன். கதிரையில் அம்மா இல்லை.

அம்மா மேடைப் படியில் ஏறி வந்துகொண்டிருந்தார். நேரே என்னிடம் வந்து, கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"ராசம்மாக்கா," என்றார். தன் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டதில் திடுக்கிட்டு மைக்கைத் தூரப் பிடித்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்தார். "இவளுக்கு ஒண்டும் வரேல்லை அக்கா. உரு இல்லை. விரதமும் இல்லை, அது நான் சொன்ன பொய். தொண்டை வீங்கி, கதைக்கவேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர். கோர்ஸ், கோர்ஸ் எண்டு நான் சொன்னதும் பொய். இவள் பாடப் போறவள். இதுதான் இவளின்ர பாட்டு." ஒருமுறை மூச்சு எடுத்தார். "என்ர மகள் பாட்டுக்காரி."

 ஸ்பீக்கர் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அன்ரி கையில் இருந்த வேப்பிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"பாட்டோ இது?"

"ஓம் அக்கா."

"முதலே சொல்லியிருந்தால் இவளுக்குத் தந்த கதலிப்பழத்தைக் கோயிலுக்குக் குடுத்திருப்பன்," என்றார் அன்ரி. படகுப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அன்ரியின் வாயும் கோணியது, சிரிப்பை அடக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தது. செம்பை என்னிடம் நீட்டினார். "சரி, கொண்டு வந்திட்டன். மஞ்சள் தண்ணிதான், தொண்டைக்கு நல்லது. குடி பிள்ளை."

குடித்தேன். கசந்தது, வேப்பிலை ஊறியிருந்தது.

"இன்னும் இருக்கோ பாட்டு?" என்று ரிஸ்வானிடம் கேட்டார்.

"நிறைய இரிக்கி உம்மா. பாங்குக்கு முந்தி முடிக்கணும்."

"பிறகேன் நிக்கிறியள்? தங்கச்சி, நீ இறங்கு. பிள்ளை பாடட்டும்."

அம்மாவைக் கையில் பிடித்து இறக்கிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினார். நாங்கள் எல்லாப் பாட்டையும் பாடினோம். எங்கள் ஒழுங்கைக்குள் புகுந்து செவ்வரத்தைப் பூச்செடியைத் தின்றுவிட்டுப் போகிற மான்களைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, அதற்குப் பெண்கள் தலையை ஆட்டினார்கள். தங்கள் செவ்வரத்தையும் போனதுதானே.

கடைசிப் பாட்டில் அந்த நீளமான உறுமல் வருகிற இடத்தில் ஒரு குரவை எழும்பியது. முதலில் ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் பிறகுதான் சேர்ந்தார்கள். அந்த ஒரு ஆள் யார் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் கேட்ட குரவை அது. அழுதுகொண்டு அந்தக் குரலை எடுக்க ஏலாது, தொண்டை இறுகிவிடும். அதனால் பாட்டு முடியும்வரை நான் அம்மா பக்கம் திரும்பவில்லை.

நாங்கள் வயர்களைச் சுருட்டத் தொடங்கியபோது துறைமுகத்துக்கு அந்தப் பக்கமிருந்து பாங்கு கேட்டது. ரிஸ்வான் முகம் கழுவப் போனான். பெண்கள் வந்த வேலையை மறக்காமல், கற்பூரத்தை வேம்படி அம்மனுக்குக் கொளுத்தப் போனார்கள்.

ஞாயிறு காலை

அடுத்த நாள் நான் கட்டிலால் எழும்பவில்லை. உடம்பெல்லாம் நோ, தொண்டை மட்டும் நன்றாக இருந்தது. வெளியே மீன்கார நானாவின் ஹோர்ன் ஒழுங்கை முகப்பில் கேட்டது. வழக்கம்போல எங்கள் கேற்றுக்குக் கிட்ட வந்ததும் நின்றுபோனது. மோட்டர் சைக்கிள் மெதுவாகக் கடக்கப் பார்த்தது.

"நானா, நில்லுங்கோ," என்று அம்மா கேற்றுக்கு ஓடினார்.

"விரதம் முடிஞ்சிட்டா அக்கா?"

"என்ன விரதம்? என்ர மகள் பாட்டுக்காரி. மேடையில பாடித் தொண்டை நொந்து கிடந்தவள். நேற்று யார்டில பாடினவள், நீங்கள் கேள்விப்படேல்லையோ?"

ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம் ராசம்மா அன்ரி கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றின் சத்தம் நின்றது. பாடசாலை மேடையில் என்னிடம் கிளம்பிய அந்த உறுமல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாரை இருக்கோ?" என்றார் அம்மா, அதே சத்தத்தில். "பெரிசாப் பாத்துத் தாங்கோ."